கில்பர்ட் பாஸ்க்கின் நான்காவது குரல்

கில்பர்ட் பாஸ்க்கைப் புதைத்துவிட்டு வந்தவர்களின் செருப்பில் கல்லறைச் சேறு காய்வதற்குள் ஆம்புரோஸ் வெயிட் வாசலில் வந்து நின்றான். அரண்மனைத் தேவாலயத்துக்குப் பாட்டு எழுதியவன் கில்பர்ட். அதைப் பாடியவர்களில் ஒருவன் ஆம்புரோஸ்.

"பாட்டுத் தாளெல்லாம் தேவாலயச் சொத்து" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கினான். கில்பர்ட்டின் மனைவி தாமசின் வழியை மறித்தாள்.

"தள்ளு. தோல் ஊறப்போடுறவன் மகளுக்கு இதெல்லாம் எதுக்கு? அடுப்பு பத்த வைக்கவா?"

அந்த ஈஸ்டருக்கு தேவாலயத்தில் புதுப் பாட்டு ஒன்று பாடப்பட்டது. எழுதியவர் ஆம்புரோஸ் வெயிட் என்றார்கள். பாடகர்களின் வெள்ளை அங்கிகளைத் துவைத்துப் பிழைக்கத் தொடங்கியிருந்த தாமசின், பின்கதவருகே கூடையோடு நின்று கேட்டாள். அவள் மாவு பிசைந்துகொண்டே கில்பர்ட்டோடு குரலுக்குக் குரல் பாடிப் பார்த்த பாட்டு அது. பாடி முடித்து வெளியே வந்த பாடகன், தடியன் ரால்ஃபைப் பிடித்துக்கொண்டாள்.

"அது அவரோடது."

"தெரியும் தங்கச்சி" என்றான் ரால்ஃப். "எங்க எல்லாருக்கும் தெரியும். சொன்னா யாரு நம்புவா?"

தெரியுமாம். தெரிந்துகொண்டுதான் அத்தனை பேரும் வாயைத் திறந்து பாடியிருக்கிறார்கள். தாமசின் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வசந்தம் முடிவதற்குள் ஆம்புரோஸ் மறுபடி வந்தான். கையில் ஒரு கிழட்டு வாத்து. பாடகர் குழுவின் தலைமைப் பதவி காலியாக இருந்தது. ஈஸ்டர் கழிந்து ஐம்பதாம் நாள் வரும் பெந்தெகொஸ்தே திருநாளன்று அரசர் முன்னால் புதிதாக ஒன்று பாடப்பட்டால் பதவி அவனுக்குத்தான்.

"ஏம்மா, வீட்டுல வேற எதுவும் கிடக்குதா?"

கிடந்தது. கில்பர்ட் கடைசியாக எழுதி, பெட்டிக்குள் போகாமல் தப்பியது. நான்கு குரல், நான்கு தாள். "நாளைக்குத் தேடி வைக்கிறேன்யா" என்று சொல்லி வாத்தை வாங்கிக்கொண்டாள்.

எந்தப் பாடகன் கையிலும் தன் குரலுக்கான தாள் மட்டும்தான் இருக்கும். நான்கும் சேர்ந்தால் எப்படி ஒலிக்கும் என்பது, பாடும்போதுதான் தெரியும்; எழுதியவன் மண்டைக்குள் மட்டும் முன்பே கேட்கும். "ஆம்புரோஸுக்கு ஒரு நேரத்துல ஒரு குரல்தான் கேக்கும், அதுவும் அவனோடது" என்று கில்பர்ட் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

தாமசின் நான்காவது தாளை மனப்பாடம் செய்தாள். பிறகு அதை அடுப்பில் போட்டாள். கில்பர்ட் சொல்லித்தந்த எழுத்தில், புதுத் தாளில் வேறொரு நான்காவது குரல் எழுதினாள். தனியாகப் பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் 'கருணை காட்டும்' என்று வருகிற இடத்தில், அந்தக் குரல் மூன்றாவது குரலுக்கு ஐந்து சுரம் கீழே நின்று, நாய்க்குட்டி மாதிரி அதன் பின்னாலேயே ஏறி, அதன் பின்னாலேயே இறங்கும். அப்படி எழுதக் கூடாது என்பது பாட்டுப் பள்ளியில் முதல் அடியோடு கற்றுத்தரும் விதி. மறுநாள் நான்கு தாளையும் ஆம்புரோஸிடம் கொடுத்தாள்.

பெந்தெகொஸ்தேவுக்கு இரண்டு நாள் முன்பு ஒத்திகை. பாட்டைக் கேட்க தேவாலயத் தலைமைக் குருவே வந்து உட்கார்ந்தார். துவைத்த அங்கிகளோடு தாமசினும் சுவரோரம் நின்றாள்.

முதல் பக்கம் அவ்வளவு அழகு. செத்தவன் எழுந்து வந்து தோளைத் தொட்டது போல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம் கருணை வந்தது.

ரால்ஃப்தான் முதலில் சிரித்தான். "யாருய்யா அது, சந்தையில கரடி ஆட்டுறவனை உள்ள விட்டது?" பாட்டு உடைந்தது. ஆளாளுக்குத் தாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

குரு சிரிக்கவில்லை. "ஆம்புரோஸ், இது நீ எழுதினதா?"

ஆம்புரோஸின் கழுத்து சிவந்தது. "இல்ல சாமி... பாஸ்க் எழுதினது. செத்தவன் பாட்டாச்சேன்னு இரக்கப்பட்டு..."

"அப்போ ஈஸ்டர் பாட்டு?"

"அது என்னோடது சாமி."

"நல்லாயிருந்தா உன்னுது, நாறுனா செத்தவனுதா?" என்றான் ரால்ஃப்.

தாமசின் கூடையை இறக்கி வைத்தாள். "நாறுறது என்னுது சாமி. நாலாவது குரலை நான்தான் மாத்தி எழுதினேன். ஈஸ்டர் பாட்டு இவருதுன்னா, அதுல மூணாவது குரலைத் தாள் இல்லாம இப்போ பாடச் சொல்லுங்க."

ஆம்புரோஸ் தொண்டையைச் செருமினான். ஒரு வரி வந்தது. அதுவும் மூன்றாவது இல்லை, அவன் வழக்கமாகப் பாடும் குரல்தான். தாமசின் மூன்றாவதைப் பாடினாள். நிறுத்தி இரண்டாவதைப் பாடினாள். போதும் என்று குரு கையைத் தூக்கும்வரை பாடினாள்.

"அரசர் வர்ற நேரத்துல தேவாலயத்தையே கேலிக்கூத்து ஆக்கிட்டியேம்மா" என்றார் குரு கோபமாக. "உண்மையான நாலாவது குரல் எங்க?"

"எரிச்சுட்டேன். என் மண்டையில இருக்கு."

"உடனே எழுதிக் கொடு."

"தர்றேன் சாமி. முதல்ல இந்த ஆளு, தூக்கிட்டுப் போன பாட்டெல்லாம் யாரோடதுன்னு ஒண்ணொண்ணா சொல்லணும். இவங்க எல்லார் முன்னாடியும்."

குரு ஆம்புரோஸைப் பார்த்தார். அவருக்கும் வேறு வழியில்லை. "சொல்லு" என்றார்.

ரால்ஃப் போய்க் கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றான். தாமசின் ஆம்புரோஸின் இருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"ஈஸ்டர் பாட்டு... கில்பர்ட் பாஸ்க்" என்றான் அவன் தரையிடம்.

"கேக்கல" என்றாள் தாமசின்.