கரடி மறித்த சாலை

எங்கள் பக்கத்தில் கல்யாணக் கார் தேவாலயத்துக்குப் போகும்போது யார் வேண்டுமானாலும் கயிறு கட்டி மறிக்கலாம். அழைப்பெல்லாம் தேவையில்லை. ஒரு பாட்டில் வோட்கா கொடுத்தால்தான் வழி. மறிக்க ஆளில்லாவிட்டால் பெண் வீட்டாருக்கே முகம் சுருங்கிவிடும். எனக்கு மிச்சமிருந்தது அந்த உரிமை ஒன்றுதான்.

கிங்காவை நான் பெறவில்லை, வளர்த்தேன். நாலு வயதுக் குழந்தையோடு என்னிடம் வந்த தெரெசா, பத்து வருடம் கழித்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தினமும் பள்ளிப் பேருந்துக்கு நிற்கும்போது, "கழுத்த மூடிக்கோ" என்று அந்தக் குழந்தைக்குக் கம்பளித் துண்டைச் சுற்றிவிட்டது இந்தக் கைகள்தான். இன்று தேவாலயத்துக்குக் கிளம்புமுன் அவள் முழங்காலிட்டு ஆசி வாங்கியதோ, அத்தனை காலமும் எட்டிப் பார்க்காத பெற்றவனிடம்! எனக்குப் பத்திரிகைகூட வரவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் முகத்தைப் பார்த்தால் தெரெசா காரை நிறுத்த விடமாட்டாள். மறிப்பவர்கள் வேஷம் கட்டுவது வழக்கம்தானே. ஆட்டுத்தோல் கோட்டை ரோமம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டு, கரடி முகமூடி மாட்டிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஸ்டெஃபா கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள். "வாயத் தொறந்துடாதய்யா செவெரின், குரல வச்சே கண்டுபிடிச்சிருவாங்க."

ஹாரன் அடித்துக்கொண்டு கார்கள் வந்து நின்றன. மாப்பிள்ளைத் தோழன் தலையை நீட்டினான். "என்ன கரடியாரே, ஒரு பாட்டில் போதுமா?"

"போதும்டா, கஞ்சப்பயலே! ஆனா பொண்ணு எறங்கி வந்து தன் கையால குடுக்கணும்," என்றாள் ஸ்டெஃபா.

கிங்கா இறங்கி வந்தாள். வெள்ளை உடையில் எவ்வளவு வளர்ந்துவிட்டாள்! ஒருமுறை பார்த்தால் போதும் என்றுதான் வந்தேன். போதவில்லை. பாட்டிலை வாங்கக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். முகமூடியின் கண் ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

கார்க் கதவருகே நின்றாள்.

"கரடி, காத்து அடிக்குது. கழுத்த மூடிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் ஏறிக்கொண்டாள். ஸ்டெஃபா கயிற்றைத் தாழ்த்தினாள். பின்னால் வந்த காரிலிருந்து தெரெசாகூடக் கரடிக்குக் கையசைத்தாள்.

கிங்கா தெரிந்துகொண்டாள். தெரிந்தும், வா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாலை வெறிச்சோடியது. நான் முகமூடியைக் கழற்றவில்லை.

"நல்லவேளை, யாரும் கண்டுபிடிக்கல," என்றாள் ஸ்டெஃபா.

"ஆமா," என்றேன்.