பெயர்நாளுக்கு ஓர் அழைப்பிதழ்

லாட்வியாவில் பெயர்நாளுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. இன்றைக்கு எந்தப் பெயர்க்காரருக்கு நாள் என்பது காலண்டரிலேயே இருக்கிறது. பூவோடு போய்க் கதவைத் தட்டினால் காப்பியும் கேக்கும் தயார். ஆள் பார்த்துக் கூப்பிட்டால், மற்றவர்கள் வரவேண்டாம் என்று அர்த்தம்.

துணைமேயர் கிளாவ்டீஸுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அடுத்த மாதம் நகராட்சித் தேர்தல். மேயர் நாற்காலி மீது அவருக்கு ஒரு கண். வீடு நிரம்பாவிட்டால் ஊர் என்ன பேசும்? தங்க ஓரம் வைத்த அட்டை அச்சடித்து நாற்பது பேருக்கு அனுப்பினார். ‘ரோமப் பேரரசர்கள் தாங்கிய என் பெயரின் தோற்றமும் மேன்மையும்’ என்று ஒரு சொற்பொழிவும் உண்டாம்.

அட்டை கிடைக்காதவர்களுக்குக் கோபம். கிடைத்தவர்களுக்கு, நம்மை ஆபீஸ் கூட்டத்துக்கா கூப்பிடுகிறார் என்று அதைவிடக் கோபம். எனக்குக் கிடைத்திருந்தது.

அவருடைய எதிர்வீட்டுத் தையற்காரி கிளாவ்டியாவுக்கும், அதே பெயரின் பெண்பால் என்பதால், அதே நாள்தான். ஊரே அங்கே போய்விட்டது. எனக்கு ஜன்னல் விளிம்பில்தான் இடம் கிடைத்தது. கிளாவ்டியாவுக்குப் பிறவியிலேயே ஒரு கால் குட்டை. சாய்ந்து சாய்ந்து நடந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் யாரோ பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டார்கள்.

“லத்தீன்ல நொண்டின்னு அர்த்தமாம். எங்கப்பா அகராதியா பாத்தாரு? கேக்க நல்லாருக்கேன்னு வச்சாரு, அளவெடுத்து தச்ச மாதிரி அமைஞ்சுபோச்சு,” என்றாள்.

ஜன்னல் வழியே பார்த்தால் எதிரே துணைமேயர், நாற்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால், கோட்டும் டையுமாக. எங்கள் சிரிப்பு அங்கே கேட்காமலா இருக்கும்? ஒரு மணி நேரம் பொறுத்தார். பிறகு கேக் தட்டைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். மழையில் நனைந்திருந்த வாசல்படி வழுக்கியது. கேக் தப்பியது, கணுக்கால் தப்பவில்லை. ஒற்றைக்காலில், கையில் தட்டோடு, கிளாவ்டியாவின் கதவருகே நின்றார்.

கிளாவ்டியா ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“வாங்க துணைமேயரே. ரெண்டு காலும் நல்லாருக்கிற மனுஷனுக்கு இந்தப் பேரு எதுக்குன்னு ரொம்ப நாளா யோசிச்சேன். இன்னிக்குதான் பேருக்கேத்த ஆளானீங்க.”

எல்லோரும் சிரித்தோம். அவருக்குச் சிரிப்பு வரக் கொஞ்சம் நேரமானது, ஆனால் வந்தது. எங்கே சொற்பொழிவு என்று யாரோ சீண்டினார்கள். கோட்டுப் பையிலிருந்து எட்டுப் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். மறுபடி உள்ளே வைத்தார்.

“அர்த்தம் எனக்கும் தெரியும்மா. அதை மறைக்கத்தான் எட்டுப் பக்கம் ஆச்சு.”

தேர்தலில் நான் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். கேக்கும் நன்றாகவே இருந்தது.