நெடுங்கழுத்தனுக்குக் கண் திறந்தது

பத்மாசினியின் வாழைத்தோட்டத்தில் நெடுங்கழுத்து மிருகம் வந்து நின்றது ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். இதரை வாழைக்குலைக்கு விலை விழுந்திருந்த கிழமை அது. ஆகவே நீர்வேலிச் சனம் முதலில் விலையைப் பற்றிக் கதைத்துவிட்டுத்தான் மிருகத்தைப் பற்றிக் கதைத்தது. உயரம் தென்னைக்குக் கொஞ்சம் குறைவு. நிறம் பழைய கலண்டர்ப் படங்களின் மங்கின பச்சை. துண்டோடு துண்டு கூடும் கோடுகள் உடம்பெங்கும் வளைந்து ஓடின. கிட்டப் போனால் காகித அட்டை மணத்தது.

பிழை பத்மாசினியுடையதுதான், அவரும் அதை மறுத்ததில்லை. புருஷன் போனபின் தனியாகத் தோட்டம் செய்யும் தாய்க்குப் பொழுது போகட்டுமென்று, ரொறன்ரோவிலிருந்து மகள் தயாளினி துண்டு துண்டாக வெட்டிய படமொன்றைப் பெட்டியில் அனுப்பியிருந்தாள். மனிதர் உண்டாக முந்திய மிருகங்களை அந்தக் காலத்து ஓவியர் யாரோ கீறிய படம். சதுப்பு நிலம், புகை கக்கும் மலை, கொம்பு வைத்தது ஒன்று, சிறகு வைத்தது ஒன்று, நடுவில் நெடுங்கழுத்தன். பத்மாசினி பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் அதைப் பொருத்தி வந்தார். கடைசியில் மிஞ்சியது நெடுங்கழுத்தனின் கண். வேறு யாருமென்றால் அதை அமத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போயிருப்பார்கள். இவரோ கோயிலுக்குப் புதுக் குதிரை வாகனம் செய்தபோது, ஆசாரி நாள் பார்த்துக் கடைசியாகக் கண் திறந்ததை முன்னுக்கு நின்று பார்த்தவர். கண்ணைச் சும்மா வைக்கலாமா? துண்டைச் சாமியறையில் வைத்து, பஞ்சாங்கம் பார்த்து, வெள்ளிக்கிழமை சுபநேரத்தில் விளக்கேற்றித் தேங்காய் உடைத்துப் பொருத்தினார். பொருத்திய கையோடு தோட்டத்தில் வாழையொன்று முறிந்து விழுந்தது. கொம்பனுக்கும் சிறகனுக்கும் முன்னமே இராகு காலத்தில் கண் வைத்திருந்தபடியால் அவை அட்டையிலேயே கிடந்தன. அந்த மட்டில் ஊர் தப்பியது.

நெடுங்கழுத்தன் பொல்லாதவனல்லன், அவனுடைய வயிறுதான் பொல்லாதது. இலை, குலை, பூப்பொத்தி என்று பார்க்காமல் வரிசை வரிசையாகத் தின்றான். அந்தத் தோட்டத்தை விட்டால் பத்மாசினிக்கு வேறு சீவியம் இல்லை. வேலிக்கு அங்காலே ஆழ்வாப்பிள்ளையின் தோட்டம். கழுத்து அங்கேயும் எட்டியது. கிராம சேவகர் வந்து அண்ணாந்து பார்த்து, ஊரில் திரியும் கட்டாக்காலி மாடுகளின் கணக்கில் சேர்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பல்கலைக்கழகத்தார் ஒருவர், இந்தச் சாதி மிருகம் வாலை நிலத்தில் இழுக்காது, அந்தக் காலத்தில் படம் கீறினவர்கள் விட்ட பிழை அது என்று விளக்கினார். நெடுங்கழுத்தன் அவருக்கு முன்னாலேயே வாலை இழுத்துக்கொண்டு போனான்.

ஆழ்வாப்பிள்ளை படலையில் வந்து நின்றார். "தங்கச்சி, வைச்ச கண்ணை நீரே எடும். எடுத்தா உது போயிடும். இல்லாட்டி எங்கடை ரண்டு தோட்டமும் போயிடும்."

"ஓம் அண்ணை," என்றார் பத்மாசினி. வேறென்ன சொல்வது? மனிசன் சொன்னது நியாயம்.

மேசையில் இருந்து துண்டுக்கு அடியில் நகத்தைக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து நெடுங்கழுத்தன் யன்னலுக்குள்ளால் தலையை நீட்டினான். விளிம்பு கிளம்பியதும் அவனுடைய கண் கலங்கி நீர் வடிந்தது. தலையை மட்டும் இழுக்கவில்லை. அவர் என்ன செய்தாலும் சரி என்பதுபோல வைத்துக்கொண்டு நின்றான். பத்மாசினி துண்டைத் திரும்ப அமத்திவிட்டு வாய்விட்டு அழுதார். "சனியனே, உன்ரை கண்ணைத் திறந்த கையாலை எப்பிடியடா தோண்டுறது? அந்த வாயைக் கொஞ்சம் அடக்கினா என்ன?" என்று ஏசினார். அவன் யன்னல் சீலையைத் தின்றான்.

அடுத்த நாள் அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். வாழை ஒருமுறைதான் குலை போடும். குலை வெட்டினால் தாய்மரத்தைத் தறித்துக் கொத்தி எறிவதுதான் ஊர் வழக்கம். "கொத்தி எறியாதேங்கோ, அவனுக்குத் தாங்கோ," என்று கேட்டார். சனத்துக்குக் கொத்துகிற வேலை மிச்சம்; கொண்டுவந்து தோட்டத்தில் அங்கங்கே குவித்தார்கள். காலையிலேயே வயிறு நிரம்பியவன் நிற்கிற வாழையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு குவியலிலிருந்து மற்றக் குவியலுக்கு வாழைகளின் நடுவால் அவன் நடக்க, இழுபட்ட வால் நேராகவும் ஆழமாகவும் வாய்க்கால் போட்டது. கிணற்றுப் பம்பைப் போட்டுவிட்டால் தண்ணீர் அந்த வழியே கடைசி வாழைவரைக்கும் ஓடியது. ஆழ்வாப்பிள்ளை அந்தப் போகத்துக்கு மண்வெட்டி எடுக்கவில்லை. நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்கிற மனிசனும் அல்லர். வேலியை மட்டும் வெட்டி, அவன் நுழைந்து வர அகலமாகப் பொட்டு வைத்துவிட்டார்.

ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கிய அன்று பின்னேரம், அதே ஆழ்வாப்பிள்ளை தச்சுவேலைக்காரர் பாவிக்கும் பசைப் போத்தலோடு வந்தார்.

"தங்கச்சி, உம்மடை நகம் பட்ட அந்தக் கண் இன்னும் ஆடுதெண்டு கேள்விப்பட்டன். இந்தக் காத்துக்கு எழும்பிப் போச்செண்டா என்ன செய்யிறது?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டைச் சுற்றிப் பசை விட்டார். வெளியே நெடுங்கழுத்தன் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் நின்றான். பத்மாசினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஆழ்வாப்பிள்ளை அதை இடக்கையால் எடுத்துக் குடித்தார். பசை காயும்வரைக்கும் வலக்கைப் பெருவிரலைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை.