கடுகெண்ணெய் விளக்கு

என் அண்ணன் மாறனுக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான். பேச வேண்டிய இடத்தில் ஒருநாளும் திறந்ததில்லை.

கார்த்திகை தீபத்துக்காகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்காலில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணி சனாரெய் மணிப்பூர்க்காரி. பெங்களூரில் வேலை பார்த்தபோது அண்ணன் விரும்பிக் கட்டிக்கொண்டான். இப்போது இரண்டு பேரும் அம்மாவோடுதான் இருக்கிறார்கள். நான் போனபோது சமையலறையில் கோஸும் பீன்ஸும் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கங்ஹௌவா அண்ணி?"

"ஆமா சிந்து. இன்னிக்கு எங்க அம்மாவுக்கு வருஷ திதி."

கங்ஹௌ அவள் ஊர்ப் பொரியல், பெரிய வித்தையெல்லாம் இல்லை. கடுகெண்ணெயைப் புகைய விட்டு, காய்ந்த மிளகாய், வெங்காயம் போட்டு, காயைப் பெரிய தீயில் புரட்டி எடுக்க வேண்டும். மசாலா, தேங்காய் எதுவும் கிடையாது. எண்ணெய்தான் ருசியே. அந்த எண்ணெய் அவளுடைய அம்மா சொந்த நிலத்துக் கடுகை ஆட்டிக் கொடுத்தனுப்பியது. பிறகு கலவரத்தில் அந்த வீடு எரிந்தது, நிலமும் கைவிட்டுப் போனது. போன வருஷம் நிவாரண முகாமிலேயே அந்த அம்மாவும் செத்துப்போனாள். அண்ணியால் முகம் பார்க்கக்கூடப் போக முடியவில்லை. மிஞ்சியது கால் பாட்டில் எண்ணெய். இந்த நாளுக்கென்று தொடாமல் வைத்திருந்தாள்.

"எங்கம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"உங்க அண்ணன் சொல்றேன்னார்."

சாயங்காலம் அண்ணன், அண்ணி, நான் மூன்று பேரும் மொட்டை மாடிக்குப் போனோம். மலையில் தீபம் ஏறியது. தெருவே அரோகரா என்றது. கீழே அம்மா வாசலில் அகல்களை ஏற்றத் தொடங்கினாள். நாங்கள் இறங்கி வரும்போது அண்ணி பாதிப் படியில் நின்றுவிட்டாள். எனக்கும் அந்த வாசனை தெரிந்தது.

"நல்லெண்ணெய் கம்மியாயிடுச்சு. அலமாரியில ஒரு பாட்டில் கெடந்துச்சு, அத ஊத்திட்டேன். எப்படி நின்னு எரியுது பாரு" என்றாள் அம்மா, பெருமையாக.

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. கடுகெண்ணெய் எங்கள் பக்கத்தில் விளக்குக்கு, இல்லையென்றால் முட்டிவலிக்கு. யாரும் அதில் சமைப்பதில்லை.

அண்ணி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லலையா?"

"நல்ல நாள் அதுவுமா திதின்னு எப்படிச் சொல்றது? அப்புறமா சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அது எந்த எண்ணெய் என்று நான் சொன்னதும் அம்மா கொஞ்சம் தடுமாறினாள். "எண்ணெய்தானேம்மா. நாளைக்கே ரெண்டு லிட்டரா வாங்கியாரச் சொல்றேன்."

அண்ணி உள்ளே போய்க் கிண்ணம் எடுத்து வந்தாள். வாசலில் உட்கார்ந்து, முதல் அகலின் திரியை விரலால் நசுக்கி அணைத்தாள். இருந்த எண்ணெயைக் கிண்ணத்தில் சாய்த்தாள்.

"தீபத்தன்னிக்கு விளக்க அணைக்கிறாளே. இந்தக் குடும்பம் விளங்குமா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அண்ணன் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தான். "சனா, விடு. அம்மா மனசு நோவும்."

"எந்த அம்மா மனசு?" என்றாள்.

அவன் கையை விட்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஓர் அகலை அணைத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன்.

புது மண் அகல்கள் பாதி எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தன. எல்லாவற்றையும் சாய்த்தும் இரண்டு ஸ்பூன் தேறவில்லை. கிடைத்ததைத் திரிக்கரியோடு வாணலியில் ஊற்றிக் காயைப் புரட்டினாள். போனில் இருந்த அவள் அம்மாவின் படத்துக்கு முன்னால் ஒரு கை சோறும் கங்ஹௌவும் வைத்தாள். பிறகு எனக்குக் கொஞ்சம் போட்டுவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

அண்ணன் தட்டோடு வந்து நின்றான். "எனக்கும் கொஞ்சம் போடு, சனா."

அவள் நிமிரவில்லை. "உங்களுக்கு எதுக்குங்க? உங்க வீட்டு விளக்குதான் நல்லா எரிஞ்சுதே."

கரி நாக்கில் கசந்தது. அவள் ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் தின்றாள்.