பூவாத்தாள் பக்கத்துச் சைலன்சர்

தொண்ணூற்றைந்தாம் வருஷம் வந்த மூளைக்காய்ச்சலில் பூவாத்தாளுக்குக் காது போயிற்று. அதன்பிறகு புருஷன் மயில்சாமியின் பிக்கப் வண்டியில் ஏறவே அவளுக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே தென்னந்தோப்புகள் ஓசையில்லாமல் நகர்வதைப் பார்த்தால், தண்ணிக்கடியில் கிடப்பது போல இருக்கிறது என்றாள்.

மயில்சாமி பொள்ளாச்சியில் ஜெரோமின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனான்.

“ரெண்டு சைலன்சர் மாட்டோணுமுங்க. ஒண்ணு என்ற சம்சாரம் உக்கார்ற சீட்டுக்கு அடியில போவோணும்.”

“சத்தம் தூக்குமுங்களே?”

“சத்தம் அவளுக்கு எங்கீங்க கேக்குது? அதிர்ந்தாப் போதுமுங்க.”

ஜெரோம் வண்டிக்கு அடியில் படுத்தான். இன்ஜினிலிருந்து வரும் குழாயை இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் வளைத்துப் பற்றவைத்தான். இடப்பக்கம் ஸ்டெப்னி குறுக்கே நின்றது. அதைக் கழற்றிப் பின்னால் சரக்கேற்றும் தட்டில் போட்டார்கள். சூடு ஏறாமலிருக்க சீட்டுக்கடியில் ஒரு தகரமும் வைத்தான்.

மயில்சாமி பூவாத்தாளைக் கெஞ்சிக் கூட்டிவந்து உட்காரவைத்தான். சாவியைத் திருப்பியதும் பூவாத்தாள் திடுக்கிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டாள். பிறகு மெல்ல இறக்கி, வெறும் பாதங்களைப் பதித்தாள். பூனையின் வயிற்றில் கை வைத்தது போல ஒரு கதகதப்பான உறுமல் கணுக்கால் வழியே ஏறியது. கண்களை மூடிக்கொண்டாள்.

ஆழியாறு தாண்டி வால்பாறை மலையேறினார்கள். மேகம் ரோட்டில் இறங்கிக் கிடந்தது. வளைவுக்கு வளைவு மரங்கள் தோன்றிக் கரைந்தன. திடீரென்று அவள் அவன் தோளைத் தொட்டாள்.

“நிறுத்துங்க. என்ற பக்கம் துடிப்பு மாறிப்போச்சு.”

அவன் காதுக்கு எதுவும் வித்தியாசமாகக் கேட்கவில்லை. ஆனாலும் இறங்கிக் குனிந்து பார்த்தான். இடப்பக்கக் குழாயைத் தாங்கிய ரப்பர் அறுந்து, குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுக்கம்பியால் இறுக்கிவிட்டு வந்து சீட்டில் ஏறினான். கையில் கரியோடு அவள் முகத்தைப் பார்த்து நிதானமாக உதட்டை அசைத்தான்.

“எப்படி அம்மணி தெரிஞ்சுது?”

“காதை மூடிப் பாருங்க, தெரியும்.”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மயில்சாமி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு காலை வண்டித் தரையில் அழுத்தி வைத்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து வந்தது, இரண்டு இழையாக. ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. எவ்வளவு நேரம் அப்படி இருந்தானோ.

பக்கக் கண்ணாடியைப் பார்த்த பூவாத்தாள் சிரித்துக்கொண்டே அவனைக் கிள்ளினாள்.

“ஏனுங்க, பின்னால பஸ்ஸுக்காரன் லைட்டப் போட்டுப் போட்டு அணைக்கறான். வழி உடுங்க!”