ஆறடி ஒயர்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை, அந்தக் குணத்துக்காகவே எனக்கு முதல் வேலை கிடைத்தது.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். செயற்கைக்கோள்களின் தூரத்தை லேசரால் அளக்கும் நிலையம் ஒன்றைக் குன்றின் மேல் அமைத்திருந்தார்கள். கீழேயிருந்து ஒளியை மின்னல் போல ஒரு வெட்டாக மேலே அனுப்புவோம். செயற்கைக்கோளின் உடம்பெல்லாம் கண்ணாடித் துண்டுகள் பதித்திருக்கும், அவை அந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். போய்த் திரும்ப ஆன நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவோம். தொலைநோக்கியைத் திருப்பக் கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. எந்த நொடியில் எந்தத் திசையில் வரும் என்று டெலக்ஸில் ஒரு தாள் வரும். சூரியன் இறங்கித் தரை இருட்டிய பிறகும் மேலே செயற்கைக்கோள் மட்டும் வெயிலில் மினுங்கும் அல்லவா, அந்த அரைமணி நேரத்தில் இரண்டு பேர் கண்ணை வைத்துக்கொண்டு கையால் சக்கரம் சுற்றிப் பின்தொடர்வார்கள். நான்கு நொடிக்கு ஒருமுறை ரூபி லேசர் 'டப்' என்று வெட்டும்.

அந்த வெட்டு ஒரு விமானியின் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் ஒருவன் வெளியே நாற்காலி போட்டு, அண்ணாந்து, கையில் ஒரு பொத்தானோடு உட்கார்ந்திருக்க வேண்டும். பறப்பது எது வந்தாலும் பொத்தானை அழுத்தி லேசரை நிறுத்த வேண்டும். அந்தக் காவலர் வேலைக்கு ஐந்து பேரை வரச் சொல்லியிருந்தார்கள். நிலையத் தலைவர் பத்ரிநாத் சார் எங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது தகரக் கூரையில் தொபீரென்று ஒரு குரங்கு குதித்தது. மற்ற நால்வரும் மேலே பார்த்தார்கள். நான் மேஜைக்கு அடியில் இருந்தேன்.

"இந்தப் பையனையே போட்டுடுங்க. தைரியசாலின்னா என்ன ஏதுன்னு ஒரு நொடி யோசிப்பான். இவன் யோசிக்கவே மாட்டான்," என்றார் பத்ரிநாத் சார்.

பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். விமானத்துக்கு அழுத்தினேன், கொக்குக் கூட்டத்துக்கு அழுத்தினேன், ஒருமுறை வெள்ளிக் கிரகத்துக்குக்கூட அழுத்தியிருக்கிறேன். யாரும் சிரித்ததில்லை. அங்கே ஒரே ஒரு சட்டம். நாற்காலியில் இருந்தவன், நடந்ததைத் தன் கையாலேயே மையில் நோட்டில் எழுத வேண்டும், அதுவும் டீ குடிப்பதற்கு முன். தப்பாக எழுதினால் குறுக்கே கோடு போடலாம், அழிக்கக் கூடாது.

இப்போது எனக்கு அறுபத்தேழு வயது. பிரேசர் டவுனில் மனைவி கேத்தரினோடு இருக்கிறேன். போன மாதம் ரூபினி என்ற இன்ஜினியர் பெண் தேடி வந்தாள். ஓசூர் போகும் வழியில் அத்திபெலேயைத் தாண்டி இருக்கும் அவளுடைய ஆய்வகத்தில் அந்தப் பழைய ரூபி லேசருக்கு உயிர் கொடுத்திருக்கிறார்களாம். அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முன் சனிக்கிழமை மாலை மக்கள் முன்னால் கடைசியாக ஒருமுறை இயக்கிக் காட்டப் போகிறார்களாம். அந்தக் காலத்து நாற்காலியில் அந்தக் காலத்து ஆளே உட்கார வேண்டும் என்றாள்.

"இவரையா? பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறுற மனுஷனம்மா இவரு," என்றாள் கேத்தரின்.

"அதுக்குத்தானே ஆன்ட்டி வந்திருக்கேன்," என்றாள் ரூபினி. எனக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகை. போனதுமே ரூபினி புதுப் பொத்தானைக் காட்டினாள். கைப்பிடி போல இருந்தது.

"அங்கிள், இது மட்டும் மாத்தியிருக்கோம். பழசுல அழுத்தினா நிக்கும். அந்த ஒயர் அறுந்து போயிருந்தா? நீங்க அழுத்துவீங்க, லேசர் பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். அதனால இப்ப தலைகீழ். அழுத்திப் பிடிச்சிருக்கிற வரைக்கும்தான் ஓடும். விட்டா நின்னுடும். நீங்க மயக்கம் போட்டு விழுந்தாக்கூட நின்னுடும்."

நல்ல யோசனைதான். பதினோரு வருஷம் அறுந்த ஒயர் இருக்கிறதோ என்னவோ என்று பயந்து செத்தவன் நான். நாற்பது தடவை பழகினேன். அவள் 'பிளேன்' என்று கத்துவாள், நான் பட்டென்று விடுவேன். நாற்பதும் சரியாக வந்தது. அந்த நாற்பது தடவையும் நான் பயப்படவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் கவலையெல்லாம் வேறு. பொத்தானின் ஒயர் ஆறடிதான். அது செருகியிருந்த இடமோ லேசருக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் அலமாரி. குன்றின் மேல் அப்படி ஓர் அலமாரி வெடித்ததைப் பார்த்தவன் நான். அதன் பக்கத்தில் உட்கார மாட்டேன், நீள ஒயர் வேண்டும் என்று முந்தாநாள் இடம் பார்க்கப் போனபோதே சொல்லியிருந்தேன். எலக்ட்ரீசியன் ரவி நீலசந்திராக்காரர், நாற்பது வயது இருக்கும், வாங்கி வைக்கிறேன் என்று தலையாட்டினார். மறந்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயந்தவனுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

"ஒரு ஒயர் வாங்கத் துப்பில்ல, நீயெல்லாம் என்னய்யா எலக்ட்ரீசியன்? அது வெடிச்சா நீயா வந்து பொறுக்குவ என்னை?"

அத்தனை பேர் முன்னால் அவர் முகம் சுண்டிப்போனது. "இதோ போய்ட்டு வந்துடறேன் சார்," என்று பைக்கை எடுத்துக்கொண்டு அத்திபெலே பக்கம் போனார்.

செயற்கைக்கோள் யாருக்காகவும் காத்திருக்காது. ஆறு இருபத்தைந்துக்கு அது வடமேற்கில் எழ வேண்டும். ரவி வரவில்லை. ஆறடி ஒயரோடு, முதுகுக்குப் பின்னால் அந்த அலமாரி உறுமிக்கொண்டிருக்க, உட்கார்ந்தேன். ரூபினி கண்ணாடி அறைக்குள் இருந்தாள். விமானக் கட்டுப்பாட்டு அறையோடு அவளுக்குப் போன் தொடர்பு இருந்தது. எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஸ்பீக்கர்.

"ஏழு நிமிஷத்துக்கு ஆகாயம் காலி, அங்கிள். ஆரம்பிக்கலாமா?"

அழுத்தினேன். டப். தூசியில் ஒரு கணம் சிவப்பு நூல் தெரிந்து மறைந்தது. நான்கு நொடி. டப்.

அந்தச் சத்தம் கேட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் உடம்பு அதை மறக்கவில்லை. கழுத்து தானாக அண்ணாந்தது, வாய் உலர்ந்தது. இரண்டு நிமிஷம் போயிற்று. தொலைநோக்கி மெல்லத் தெற்குப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தேன்.

அப்போது ஓசூர் பக்கமிருந்து தடதடவென்று கேட்டது.

ஹெலிகாப்டர். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து தாழ்வாக வந்தது. சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். ஏதோ அவசர நோயாளியைக் கொண்டுபோகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அது வடக்கே வந்துகொண்டிருந்தது, எங்கள் தொலைநோக்கி தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது.

நான் யோசிக்கவே இல்லை. பத்ரிநாத் சார் சொன்னது சரி. பொத்தானை அழுத்தினேன்.

டப்.

நிற்கவில்லை. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினேன்.

"விடுங்க! அங்கிள், விடுங்க! கைய விடுங்க!"

ரூபினி கத்துவது காதில் விழுந்தது. ஆனால் கைக்குப் போய்ச் சேரவில்லை. பதினோரு வருஷம் இறுக்கப் பழகிய கை, பயம் வந்ததும் இறுக்க மட்டும்தான் செய்தது. என் புத்தியில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: மெஷினுக்கு ஏதோ ஆகிவிட்டது, நிற்க மாட்டேன் என்கிறது, அலமாரி வெடிக்கப் போகிறது. விமானியை நான் அப்போது நினைக்கவில்லை. உள்ளே இருந்த நோயாளியை நினைக்கவில்லை. எழுந்தேன், ஓடினேன்.

எதுவோ வெடுக்கென்று இழுத்தது. புல்லில் குப்புற விழுந்தேன். தலைக்கு மேல் தடதடத்துக்கொண்டு ஹெலிகாப்டர் போயிற்று. அடுத்த 'டப்'புக்காக உடம்பைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தேன். நான்கு நொடி ஆயிற்று. எட்டு நொடி ஆயிற்று. வரவில்லை.

ரூபினி ஓடி வந்து என்னைத் தூக்கினாள்.

"ஒயரையே பிடுங்கிட்டீங்களே அங்கிள்! எனக்குக்கூடத் தோணலை. நல்லவேளை, நல்லவேளை."

குனிந்து பார்த்தேன். என் கை பொத்தானை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தது. ஆறடி ஒயர் புல்லில் என் பின்னால் வால் மாதிரி கிடந்தது, அலமாரியிலிருந்து கழன்று. நான் வாயைத் திறக்கவில்லை. கேட்க இனிமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இனிமை ஐந்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. விமானி என்ன ஆனான்? ரூபினி விமானக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். இறங்கட்டும், கேட்டுச் சொல்கிறோம் என்றார்களாம். முகம் தெரியாத ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல், ஒரு நோயாளியோடு நகரத்துக்கு மேலே பறப்பதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பாக்கெட்டில் ஜெபமாலை இருந்தது. எந்த மணியில் இருக்கிறேன் என்று தெரியாமல் உருட்டினேன். அந்த நாற்பது நிமிஷத்தில் பட்ட பயத்தை நான் அந்தப் பதினோரு வருஷத்திலும் சேர்த்துப் பட்டதில்லை.

போன் வந்தது. ரூபினி கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பைலட்டுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துல சிவப்பா ஏதோ பளிச்னு தெரிஞ்சுதாம். டாக்டர் பாத்துட்டாராம். கண்ணு நல்லாயிருக்கு."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் கம்ப்யூட்டரில் பதிவைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஹெலிகாப்டர் வந்தப்புறம் ரெண்டு வெட்டு போயிருக்கு அங்கிள். ஒவ்வொண்ணும் கிட்டக் கிட்டப் போயிருக்கு. மூணாவது போயிருந்தா நேரா அதுமேலதான்."

கொஞ்ச நேரம் கழித்து ஒரு நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். அந்தக் காலத்து வழக்கம் என்று காட்டுவதற்காகவே வாங்கி வைத்திருந்தாள்.

"எழுதுங்க. சனிக்கிழமை ஜனங்க முன்னாடி இதை நான் வாசிக்கப் போறேன். அதே நாற்காலில உங்களை உட்கார வெச்சு."

பக்கத்தில் டீ ஆறிக்கொண்டிருந்தது. 'காவலர் ஒயரைப் பிடுங்கி லேசரை நிறுத்தினார்.' ஒரு வரிதான். கேத்தரினும் வந்து கேட்பாள். ஒரு வயசுக்கு மேல் நம்மைப் புகழ யார் இருக்கிறார்கள்? பேனா அந்த வரியின் முதல் எழுத்து வரைக்கும் போயிற்று. ஆனால் சனிக்கிழமையும் ஏதாவது வந்தால்? மறுபடியும் இந்தக் கைதானே இருக்கும்?

எழுதினேன். '18.29. ஹெலிகாப்டர். காவலர் லேசரை நிறுத்தவில்லை. பழைய பழக்கத்தில் பொத்தானை இறுக்கினார். பயந்து ஓடினார். ஒயர் கழன்றது.' கீழே தியோடர் என்று கையெழுத்துப் போட்டேன்.

ரூபினி இரண்டு தடவை வாசித்தாள்.

"அங்கிள், ஒருவேளை உங்களுக்கே தெரியாம, பிடுங்கணும்னுதான் ஓடினீங்களோ என்னவோ?"

"இல்லம்மா. ஓடணும்னுதான் ஓடினேன்."

அவள் கோடு போடச் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டு, "சனிக்கிழமைக்கு வேற ஆள் பாக்கறேன்," என்றாள் மெதுவாக.

"பயப்படுற ஆளாப் பாரு. ஆனா அந்தப் பழைய பொத்தானைத் தொட்டே இருக்கக் கூடாது."

வாசலில் பைக் சத்தம் கேட்டது. ரவி வியர்த்து வழிய, தோளில் மஞ்சள் ஒயர்ச் சுருளோடு ஓடி வந்தார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

"சார், சிக்கிடுச்சு சார்! அத்திபெலேல இல்ல, ஓசூர் வரைக்கும் போய்ட்டேன். முழுசா முப்பதடி. நீங்க கேட் வரைக்கும் போய்க்கூட உட்காரலாம்."

அந்தச் சுருளைப் பார்த்தேன். நான் விழுந்த இடத்தைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து மூன்று எட்டு இருக்கும். அந்த ஒயர் என் கையில் இருந்திருந்தால் நான் கேட் வரைக்கும் ஓடியிருப்பேன். இரண்டு கையாலும் பொத்தானை இறுக்கிக்கொண்டு, பின்னால் டப், டப் என்று கேட்கக் கேட்க, இன்னும் வேகமாக ஓடியிருப்பேன்.

"இன்னும் கோபமா சார்?" என்றார் ரவி.

எட்டி அவர் கையைப் பிடித்தேன். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"சார், கைய விடுங்க சார். வலிக்குது."