மோன்பெலியேவுக்குப் போன போஸ்டர்

டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று படித்தவள் அமுதவல்லி. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடல்நீர் ஏறிவிட்ட கிணறுகளில் அதே கொசுவின் புழுக்களை அவள் கண்டெடுத்து ஆறு வருஷம் ஆகிறது. பிரான்சில் மோன்பெலியே நகரத்து மாநாட்டில் அந்த ஆய்வைப் போஸ்டராக மாட்டி, பக்கத்தில் நின்று விளக்க ஏற்றுக்கொண்டார்கள். விசாவும் கிடைத்துவிட்டது. அவளைப் போல அரசு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் வெளிநாடு போக மேலிடத்து அனுமதி வேண்டும். அது மட்டும் வரவில்லை.

இன்னும் ஒரு வாரம்தான் என்ற நிலையில் இயக்குநர் புருஷோத்தமனிடம் போய்க் கேட்டாள்.

“நாலு தடவ ஞாபகப்படுத்தியாச்சு மேடம். பதிலே இல்ல.”

“முடியாதுன்னு சொல்லிட்டாங்களா சார்?”

“சொன்னா காரணம் எழுதணுமே.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆன்லைன்ல கலந்துக்கறதுக்கும் இதே அனுமதிதான். பேசிடாதீங்க. அப்புறம் என்னைத்தான் கேள்வி கேப்பாங்க.”

“போஸ்டர்?”

“அதுக்குத்தான் அப்பவே ஒப்புதல் வந்துச்சே. அது போலாம்.”

முத்தியால்பேட்டையில் அவள் குடியிருக்கும் மாடிக்கு எதிர்வீடு தொமினிக்குடையது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய். மோன்பெலியேவில் இருக்கும் மகள் ஏலிஸைப் பார்க்க அந்த வியாழக்கிழமை கிளம்ப இருந்தார். பிரெஞ்சு பாஸ்போர்ட். அவர் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

“குடு, நானே கொண்டுபோய் மாட்டிட்டு வரேன்.”

“மாட்டினா மட்டும் போதாதுண்ணே. பக்கத்துல ரெண்டு மணி நேரம் நிக்கணும்.”

“இருபது வருஷம் காவல் நின்னவன்மா நான்.”

மாநாட்டுக்காரர்களுக்கு எழுதி, தனக்குப் பதிலாக அவரை நிற்கவைக்கச் சம்மதம் வாங்கினாள்.

மாநாட்டு நாளன்று மதியம் இரண்டரைக்கு அவரிடமிருந்து படம் வந்தது. கோட்டு போட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி, போஸ்டருக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றிருந்தார் தொமினிக். பக்கத்துப் போஸ்டர்களின் முன்னால் கும்பல். இவர் முன்னால் யாரும் இல்லை. அவள் படத்தைப் பெரிதாக்கித் தன் பெயரைப் பார்த்தாள். யாருக்காவது காட்டலாம் என்றிருந்தது. ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. புழுக்களுக்குத் தீனி போடத் தொடங்கினாள்.

மூன்றே காலுக்கு அவரே கூப்பிட்டார்.

“அமுதா, செனகல்லேர்ந்து ஒரு மதாம் வந்திருக்காங்க. அவங்க ஊர்லயும் கிணத்துல உப்பு ஏறுதாம். இந்த உப்பு தாங்கற சக்தி, கொசுவோட புள்ளைங்களுக்கும் வருதான்னு கேக்கறாங்க.”

போஸ்டரில் மூன்று தலைமுறைக் கணக்குதான் இருந்தது. எட்டாம் தலைமுறைப் புழுக்கள் அவளுக்கு முன்னால் தட்டில் நெளிந்துகொண்டிருந்தன.

“ஃபோன அவங்ககிட்ட குடுக்கட்டுமா?”

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்தது நினைவுக்கு வந்தது.

“வேணாம்ணே. நான் உங்ககிட்ட சொல்றேன். நீங்க சொல்லுங்க.”

அவள் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் பிரெஞ்சில் சொன்னார். சில இடங்களில் தடுமாறினார். “கூட்டுப்புழுவுக்கு என்னம்மா சொல்றது?” என்றார். அந்தப் பெண்ணே சொல் எடுத்துக் கொடுத்தாள் போலிருக்கிறது. இருவரும் சிரிப்பது கேட்டது. புரியாத அந்தக் குரலைக் காதோடு அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள் அமுதவல்லி. ஆறு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

“நீ ஏன் வரலன்னு கேக்கறாங்கம்மா.”

அவள் புழுத் தட்டை மூடி வைத்தாள்.

“வேலை இருந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே.”

தொமினிக் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். அது அவள் சொன்னதைவிட நீளமாக இருந்தது.

அனுமதி கடைசிவரை வரவில்லை. தேதி கடந்ததும் கோப்பை மூடிவிட்டார்கள். பத்து நாள் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து ஆங்கிலத்தில் மின்னஞ்சல் வந்தது. புழுக்களைப் பற்றி ஐந்து கேள்விகள். ஜனவரியில் செனகலின் தாக்கார் நகரத்துக்கு வந்து தங்கள் கிணறுகளைப் பார்க்க முடியுமா என்பது ஆறாவது.

முதல் ஐந்துக்கும் இரண்டு பக்கம் எழுதினாள் அமுதவல்லி. ஆறாவதற்கு மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தாள். பிறகு அதை விட்டுவிட்டு, அன்புடன் என்று முடித்து அனுப்பினாள்.